நிதானம்: இந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு டயக்னோசிஸ் இருக்கு

1/
"ஆள் நிதானத்துல இல்ல சார்."

அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவில் நைட் டூட்டி பார்க்கும் டாக்டருக்கு இந்த வாக்கியத்தைக் கேட்காமல் பொழுது விடிவது அபூர்வம். கூட்டிக்கிட்டு வந்தவர் சொல்வார், 108 ஊழியர் சொல்வார், சில நேரம் போலீஸ்காரர் சொல்வார். எல்லாருக்கும் அர்த்தம் ஒன்றுதான்: குடிச்சிருக்கார்.

2/
இந்த "நிதானம்" என்ற சொல்லுக்கு ஒரு பூர்வீகம் இருக்கு. அது நேரா மருத்துவத்துக்குள்ள போகுது. அதைத் தெரிஞ்சுக்கிட்டா என்றைக்காவது ஒருநாள் உங்க வீட்டிலோ, தெருவிலோ ஒருத்தரைக் காப்பாற்ற உதவும். அதற்காகத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். நிதானமா படிங்க.

3/
முதலில் நாம் இந்தச் சொல்லை எப்படியெல்லாம் பயன்படுத்துகிறோம்னு பாருங்க.

"நிதானமா வண்டி ஓட்டு" – மெதுவாக, கவனமாக.
"கூட்டத்தில் அவர் நிதானம் இழந்தார்" – கோபம் தலைக்கேறியது.
"நிதானம் தவறி விழுந்துட்டார்" – உடம்பு தடுமாறியது.
"ஆள் நிதானத்துல இல்ல" – போதை.

வேகம், மனசு, உடம்பு, போதை. நாலுக்கும் ஒரே சொல்.

4/
இன்னும் ரெண்டு இருக்கு. அதுதான் சுவாரசியம்.

"இருட்டுல படி எங்க இருக்குன்னு நிதானம் தெரியல."
"உப்பு எவ்வளவுன்னு அளவெல்லாம் இல்லம்மா, கை நிதானம்தான்."

இங்கே நிதானம்னா மெதுவும் இல்ல, அமைதியும் இல்ல. கணிப்பு. கண்ணாலும் கையாலும் அளந்து, இது இவ்வளவு என்று முடிவுக்கு வருவது.

5/
பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பை வாசித்தவர்களுக்கு "நிதானித்தல்" என்ற வினை பழக்கமாக இருக்கும். அதிலே ஆராய்ந்து பார்த்து அறிவதைத்தான் நிதானித்தல் என்று எழுதியிருப்பார்கள். தன்னைத்தானே நிதானித்து அறிவது என்றால், தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பது. அமைதியாக உட்கார்ந்திருப்பது இல்லை.

6/
இப்போ தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிப் பாருங்க. வடமொழியிலிருந்து வந்த ஒரே சொல், ஊருக்கு ஊர் வேற வேலை பார்க்குது.

கன்னடத்தில் மெதுவாக என்பதற்கு நிதானவாகி.
தெலுங்கில் "நிதானமே பிரதானம்" என்பது பழமொழி.
மலையாளத்தில் நிதானம் என்றால் காரணம்.
இந்தியில்? நிதான் என்றால் டயக்னோசிஸ். நோய் கண்டறிதல். வட இந்தியாவில் லேப், ஸ்கேன் சென்டர் போர்டுகளில் "நிதான் கேந்திரா" என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

7/
இந்தி பேசும் டாக்டருக்கு நிதான் என்றால் நோயைக் கண்டுபிடிப்பது. தமிழ் பேசும் நோயாளிக்கு நிதானம் என்றால் பதறாமல் இருப்பது.

ரெண்டும் எப்படி ஒரே சொல்லாச்சு? அதற்கு ரொம்பப் பின்னால் போகணும்.

8/
வடமொழியில் "நிதான" என்ற சொல் "நி" என்ற முன்னொட்டும் "தா" என்ற வேரும் சேர்ந்தது. தா என்றதும் தானம், கொடுப்பது என்று நினைப்போம். இது அந்தத் தா இல்லை. இது கட்டுதல் என்ற பொருள் உள்ள இன்னொரு தா.

ரிக் வேதத்தில் இந்தச் சொல்லின் பொருள் கயிறு. மாட்டைக் கட்டி வைக்கிற கயிறு.

9/
கயிற்றிலிருந்து அடுத்த படி, காரணம். கன்று எங்கே நின்றாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனால் முளைக்குச்சிக்கு வந்துவிடலாம் இல்லையா? அதுபோல ஒரு விளைவு எதோடு கட்டப்பட்டிருக்கிறதோ அதுதான் அதன் நிதானம். அதாவது முதற்காரணம். நம் பழைய தமிழ் அகராதிகளும் நிதானத்துக்கு இந்தப் பொருளைப் பதிவு செய்திருக்கின்றன.

10/
பௌத்தம் இந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டது. மனிதத் துன்பத்துக்கு 12 கண்ணிகள் கொண்ட ஒரு காரணச் சங்கிலி உண்டு என்கிறது அது. அதன் பெயர் 12 நிதானங்கள். நம் மணிமேகலையிலும் இந்தப் பன்னிரண்டு வருகின்றன. அங்கே தமிழில் "சார்பு" என்று பெயர். பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும். ஒன்றைச் சார்ந்து இன்னொன்று. எங்கேயாவது ஒரு கண்ணியை அறுத்தால் மிச்சம் தானாக அவிழும்.

11/
மருத்துவமும் அப்படியே எடுத்துக்கொண்டது. சரக சம்ஹிதையின் ஒரு பகுதிக்கே நிதான ஸ்தானம் என்று பெயர். மாதவகரர் எழுதிய "மாதவ நிதானம்" முழுக்க முழுக்க நோய்க் காரணங்களும் அறிகுறிகளும் பற்றிய நூல். இன்றைக்கும் ஆயுர்வேத மாணவர்கள் படிக்கிறார்கள்.

12/
நான் எம்பிபிஎஸ் படித்தவன். அந்த நூல்கள் சொல்லும் வாத பித்த கபக் கணக்கில் நான் வைத்தியம் பார்ப்பதில்லை. ஆனால் அந்த நூல்கள் நோயை அணுகும் வரிசையைப் பாருங்க: காரணம் என்ன? முன்னறிகுறி என்ன? இப்போதைய அறிகுறி என்ன? எது கொடுத்தால் தணிகிறது? உள்ளே நோய் எப்படி வளர்ந்தது?

இந்த ஐந்து கேள்வியை இன்றைக்கு எந்த மெடிக்கல் காலேஜ் வார்டிலும் பேராசிரியர் மாணவனைக் கேட்பார்.

13/
வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் இதே வரிசையைத்தான் வைத்திருக்கிறார். நோய் எது என்று பார், அதன் முதல் எது என்று பார், அப்புறம் தணிக்கும் வழியைப் பார், பிறகு செய். அவர் "நோய்முதல்" என்று சொன்னதைத்தான் வடமொழிக்காரர்கள் நிதானம் என்றார்கள்.

14/
இப்போ பாலம் தெரியுதா?

காரணத்தைத் தேடுவது நிதானித்தல். காரணம் தெரியும்வரை கை ஓங்காமல், வாய் விடாமல் இருப்பவர் பார்க்கிறவர் கண்ணுக்கு மெதுவானவராகத் தெரிவார். அமைதியானவராகத் தெரிவார். அந்தத் தோற்றத்துக்கே பிறகு நிதானம் என்று பெயர் வந்துவிட்டது.

கயிறு, காரணம், கணிப்பு, அமைதி. நான் புரிந்துகொள்ளும் வரிசை இது.

15/
ஆனால் நடுவில் ஒன்று நடந்தது. நம்ம ஊரில் இந்தச் சொல்லின் கடைசி அர்த்தம் மட்டும் நின்னுபோச்சு, முதல் அர்த்தம் மறந்துபோச்சு. அதனால்தான் "ஆள் நிதானத்துல இல்ல" என்று சொல்லிவிட்டு, "அதுக்கு என்ன நிதானம்?" என்று கேட்க மறக்கிறோம்.

இனி இதன் மருத்துவப் பக்கத்துக்கு வருவோம்.

16/
ரோட்டோரத்தில் ஒருவர். 50 வயசு இருக்கும். நடை தள்ளாடுது. பேச்சு குளறுது. சட்டை வியர்வையில் நனைஞ்சிருக்கு. கிட்டப் போய் என்னன்னு கேட்டால் கையைத் தட்டிவிடுகிறார், கெட்ட வார்த்தை வருது.

பத்துப் பேர் பார்த்தால் பத்துப் பேரும் "குடிகாரன்" என்று நகர்ந்து போவார்கள். ஒருத்தர் வீடியோ எடுப்பார்.

17/
இதே காட்சியை மருத்துவப் புத்தகத்தில் வேறு ஒரு தலைப்பின் கீழ் பார்க்கலாம். ரத்தச் சர்க்கரைத் தாழ்வு. லோ சுகர்.

மூளை தன் வேலைக்கு முக்கியமாக நம்பியிருப்பது குளுக்கோஸை. அதைச் சேமித்து வைக்க மூளைக்குக் கிடங்கு கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடம்பு எச்சரிக்கை மணி அடிக்கும்: நடுக்கம், வியர்வை, படபடப்பு, கொலைப்பசி.

18/
இன்னும் இறங்கினால் மூளையே தடுமாறும். குழப்பம், குளறல், தள்ளாட்டம், முரட்டுத்தனம். அதற்கும் கீழே வலிப்பு, மயக்கம், மரணம்.

கவனிங்க, கோபமும் கெட்ட வார்த்தையும் இங்கே அவருடைய குணம் இல்லை. அறிகுறி.

19/
யாருக்கு வரும்? இன்சுலின் போடுபவர்கள், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதிகம். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தவறவிட்டவர். விரதம் இருப்பவர். கிட்னி பலவீனமான வயதானவர். வழக்கத்தைவிட அதிகமாக உடம்பு உழைத்தவர்.

காலையில் மாத்திரையைப் போட்டுக்கிட்டு, "சாப்பாடு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பஸ் ஏறிய உங்க அப்பாவாகவும் இருக்கலாம்.

20/
கண்டுபிடிக்க என்ன வேணும்? ஸ்கேன் வேண்டாம். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், குளுக்கோமீட்டர். சில நொடி. அதனால்தான் நினைவு குழம்பி வரும் யாருக்கும், குடித்த வாசனை வந்தாலும் வராவிட்டாலும், அவசர சிகிச்சையில் உடனே பார்க்க வேண்டியவற்றில் சர்க்கரையும் ஒன்று.

21/
"வாசனை வருதே டாக்டர்" என்பீர்கள். வாசனை வந்தால் குடித்திருக்கிறார் என்று தெரியும். குடி மட்டும்தான் காரணம் என்று தெரியாது.

சாராயமே சர்க்கரையைக் குறைக்கும். ஈரல் புதுசா குளுக்கோஸ் தயாரிப்பதை அது தடுக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தவருக்கு, சரியாகச் சாப்பிடாமல் தினமும் குடிப்பவருக்கு இந்த ஆபத்து அதிகம். அவரிடம் போதையும் இருக்கும், லோ சுகரும் இருக்கும்.

22/
இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. சர்க்கரை ரொம்ப ஏறி, உடம்பில் கீட்டோன் சேர்ந்தவருக்கு மூச்சில் ஒரு பழ வாசனை வரும். நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி. பழக்கமில்லாதவர் அதைச் சாராய வாசனை என்றே நினைக்கலாம். அவர் வேகமாக மூச்சு வாங்குவார், வாந்தி எடுப்பார், குழம்பிப் பேசுவார். ஒரு துளிகூடக் குடித்திருக்க மாட்டார்.

23/
அடுத்து, சிறுமூளைப் பக்கவாதம். பக்கவாதம் என்றால் ஒரு கை கால் விழுந்துவிடும் என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் பின்தலையில் இருக்கும் சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் கை காலில் பலம் இருக்கும், ஒத்துழைப்பு இருக்காது. நிற்க முடியாமல் சாய்வார், நாக்கு குளறும், எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும், வாந்தி வரும்.

அச்சு அசலாகப் போதை மாதிரியே இருக்கும்.

24/
மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, பொருத்தமானவர்களுக்கு, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்" என்று திண்ணையில் படுக்க வைத்தால் அந்த நாலரை மணி நேரம் அங்கேயே போய்விடும்.

25/
தலையில் அடி. வயதானவர்களுக்கும் நாள்பட்டு குடிப்பவர்களுக்கும் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியிலேயே கசியும். கசிவு மெதுவாகச் சேர்ந்து, விழுந்து நாள்கள், ஏன் வாரங்கள் கழித்துக்கூடக் குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாரு, ஆனா அது போன மாசம்" என்று சொல்லாமல் விட்டுடாதீங்க. அதுதான் கயிறு.

26/
நாள்பட்டு குடிப்பவரிடம் இன்னொன்று: பி1 வைட்டமின், அதாவது தயமின் குறைபாடு. தள்ளாட்டம், குழப்பம், கண் அசைவில் கோளாறு. ஊசியாகத் தயமின் கொடுத்தால் பலருக்கு மாற்றம் தெரியும். "இவன் எப்பவும் இப்படித்தான்" என்று விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம்.

"எப்பவும் இப்படித்தான்" என்பதைவிட ஆபத்தான டயக்னோசிஸ் கிடையாது.

27/
இனி வீட்டுக்குள் வருவோம். 75 வயசு பாட்டி. நேற்றுவரை பேரன் பெயர், பக்கத்து வீட்டுக் கணக்கு எல்லாம் துல்லியம். இன்று ராத்திரி "என்னை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று அழுகிறார், சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே. பக்கத்தில் போனால் அடிக்கிறார்.

"வயசாச்சு, நிதானம் போச்சு" என்று முடித்துவிடாதீர்கள்.

28/
மறதி நோய் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் வரும். ஒரே ராத்திரியில் வந்தால் அதற்குப் பெயர் டெலிரியம். பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், புதுசாகத் தொடங்கிய ஒரு மாத்திரை. வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். குழப்பம் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

காரணத்தைச் சரி செய்தால் பெரும்பாலும் பாட்டி திரும்பி வந்துவிடுவார்.

29/
உடம்பின் நிதானத்தைப் பற்றியும் கொஞ்சம். நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து தகவல் போகிறது: கண், உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்வு நரம்புகள். மூன்றையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு.

அதாவது உடம்பு ஒவ்வொரு நொடியும் நிதானித்துக்கொண்டே இருக்கிறது. நாம் அசையாமல் நிற்பது போலத் தெரிவது அந்தக் கணக்கின் விடை.

30/
உள்காதில் சமநிலைக்காக மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் நகர்ந்து, ஒரு சின்ன ஜெல்லித் திரையைத் தள்ளும். குடித்தால் என்ன ஆகும் தெரியுமா? ஆல்கஹால் அந்தத் திரைக்குள் சீக்கிரம் புகுந்துவிடும், திரவத்துக்குள் தாமதமாகத்தான் போகும். திரை லேசாகி மிதக்கும். தலை அசையாமலே "சுத்துது" என்று மூளைக்குச் செய்தி போகும். குடித்தவர் கண்ணை மூடிப் படுத்ததும் கட்டில் சுற்றுவதற்கு இதுதான் காரணம்.

31/
குடிக்காதவருக்கும் கட்டில் சுற்றலாம். காதுக்குள் இருக்கும் கால்சியம் துகள்கள் இடம் மாறி அந்தக் குழாய்க்குள் விழுந்தால், படுக்கையில் புரண்டதும் உலகமே சில நொடி சுழலும். பயந்துபோய்ப் பலர் "பிரெஷர்", "பித்தம்", "கழுத்து எலும்பு" என்று மாத்திரை தின்கிறார்கள். இதற்குத் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி, துகளைப் பழைய இடத்துக்கு அனுப்பும் எப்லே முறை இருக்கிறது. தெரிந்த டாக்டர் சில நிமிஷத்தில் செய்துவிடுவார். காரணம் தெரிந்தால் வைத்தியம் எளிது.

32/
மனசின் நிதானமும் அப்படியே. வீட்டில் ஒருத்தர் சில மாசமாகச் சும்மா சும்மா எரிந்து விழுகிறார். தூக்கம் இல்லை, எடை குறையுது, கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்க்கணும். மனச்சோர்வு எல்லாருக்கும் அழுகையாக வராது, சிலருக்கு எரிச்சலாகத்தான் வரும்.

அதற்காக வீட்டில் அடிக்கிறவனைப் பொறுத்துக்கோ என்று சொல்லவில்லை. காரணம் தேடுவது வேறு, மன்னிப்பு வழங்குவது வேறு. முதலில் உங்கள் பாதுகாப்பு.

33/
நிதானம் என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் ஈக்வனிமிட்டி லத்தீனிலிருந்து வந்தது. ஈக்வஸ் என்றால் சமம், அனிமஸ் என்றால் மனம். சமமான மனம். ரோமப் பேரரசர் அன்டோனினஸ் பயஸ் 161-ல் சாகும் தறுவாயில் காவல் அதிகாரிக்குச் சொன்ன கடைசி அடையாளச் சொல் இதுதான் என்று பழைய வரலாற்று நூல் சொல்கிறது.

அதை நினைவுபடுத்தி 1889 மே 1-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களுக்கு வில்லியம் ஆஸ்லர் ஒரு புகழ்பெற்ற உரை ஆற்றினார். டாக்டருக்கு வேண்டிய குணங்களில் இதைப் பெரிதாக வைத்தார்.

34/
லத்தீன் சொல் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்கிறது: தராசு முள் நடுவில் நிற்கணும். எப்படி நிற்கும் என்று சொல்லவில்லை.

நம் சொல் வழியையும் சேர்த்தே வைத்திருக்கிறது. காரணத்தைப் பிடி, மனசு தானாக நிற்கும். உணர்ச்சியை அமுக்கினால் வருவது நிதானம் இல்லை. என்ன நடக்குதுன்னு தெரிந்தால் வருவதுதான் நிதானம்.

35/
இதை ஆஸ்பத்திரி வராண்டாவில் தினமும் பார்க்கலாம். உள்ளே அப்பா கிடக்கிறார். வெளியே மகன் கத்துகிறார். "கொஞ்சம் நிதானமா இருங்க" என்று சொன்னால் இன்னும் கத்துவார். ஏன் கத்தமாட்டார்? அவரிடம் அமைதியைக் கேட்கிறோம், அதற்குத் தேவையானதைக் கொடுக்கவில்லை.

36/
அதே மகனிடம், "அப்பாவுக்கு மூளை ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம்னு சந்தேகப்படுறோம். இப்போ ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறோம். ரிப்போர்ட் பார்த்ததும் நானே வந்து சொல்றேன், இந்த பெஞ்சிலேயே இருங்க தம்பி" என்று சொன்னால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார். அப்பாவின் நிலைமை ஒரு துளியும் மாறவில்லை. ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்துவிட்டது.

37/
கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனையில் எல்லாரிடமும் இப்படிப் பேச நேரம் கிடைக்காது என்பதும் உண்மைதான். ஒரு டாக்டர், முப்பது நோயாளி, வாசலில் இன்னொரு ஆம்புலன்ஸ். அதனால் நீங்களே கேளுங்க. மூன்றே கேள்வி:

என்ன காரணமா இருக்கும்னு நினைக்கிறீங்க டாக்டர்?
அதை உறுதிப்படுத்த இப்போ என்ன பண்றீங்க?
எப்போ தெரியும்?

கத்திக் கேட்கும் முப்பது கேள்வியைவிட இந்த மூன்றுக்குச் சீக்கிரம் பதில் வரும்.

38/
இப்போ வேலைக்கு ஆகிற விஷயம். சேமித்து வச்சுக்கோங்க.

தள்ளாடுகிற, குளறுகிற, திடீர்னு குணம் மாறின ஒருவரைப் பார்த்தால்:

அ) பெயர், ஊர் கேளுங்க. பதில் வருதா பாருங்க.
ஆ) சட்டைப்பை, பையில் மாத்திரை அட்டை, இன்சுலின் பேனா, சர்க்கரை நோட்டு இருக்கான்னு இன்னொருத்தரைச் சாட்சியா வச்சுக்கிட்டுப் பாருங்க.
இ) முகம் கோணுதா, ரெண்டு கையையும் தூக்க முடியுதா பாருங்க.
ஈ) தலையில் அடி இருக்கா பாருங்க.
உ) 108-ஐக் கூப்பிடுங்க.

39/
முழு நினைவோடு இருக்கிறார், சரியாக விழுங்க முடிகிறது, சர்க்கரை நோயாளி என்று தெரிகிறது என்றால்: மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்க. 15 நிமிஷம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. தெளிந்துவிட்டாரே என்று விட்டுவிடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு வரட்டும். சில மாத்திரைகளின் வேலை நீண்ட நேரம் இருக்கும், சர்க்கரை மறுபடி இறங்கும்.

40/
மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீங்க. சோடா, தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைங்க, 108 வரும்வரை பக்கத்தில் இருங்க. மூச்சே இல்லை என்றால் 108-இல் சொல்கிறபடி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்க. அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறிச்சு வச்சு வந்தவரிடம் சொல்லுங்க. எங்களுக்கு அந்த மணி ரொம்ப முக்கியம்.

41/
சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களே, பர்ஸில் ஒரு சின்னச் சீட்டு வைங்க: "எனக்குச் சர்க்கரை நோய். நான் குழம்பிப் பேசினால் போதை என்று நினைக்க வேண்டாம்." கீழே மருந்தின் பெயர், வீட்டு நம்பர். பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய். சட்டைப்பையில் இருக்கும் ஒரு ரூபாய் மிட்டாய், பெரிய ஆஸ்பத்திரிக்கு முந்தி உங்களைக் காப்பாற்றும்.

42/
ஆமாம், இவ்வளவும் பார்த்த பிறகு அவர் வெறுமனே குடித்திருப்பவராகவே இருக்கலாம். பல நாள் அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு என்ன நஷ்டம்? பத்து நிமிஷம். குடித்தவருக்கும் அந்தப் பத்து நிமிஷத்துக்குத் தகுதி உண்டு. அவரும் யாரோ ஒருவருக்கு அப்பா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் ஒரு நோயாளியாக இருக்கலாம், அது போதும்.

43/
இந்த இழையை உங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்க. முக்கியமா, தெருமுனை டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள், பஸ் கண்டக்டர்கள், வாட்ச்மேன்கள் – இவர்களுக்கு 38 முதல் 40 வரை வாசிச்சுக் காட்டுங்க. ரோட்டில் விழுகிறவரை முதலில் பார்ப்பது நான் இல்லை, அவர்கள்தான்.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்க. டூட்டி முடிஞ்சு பதில் போடுறேன்.